அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்மா

ர்ர்ர் என்று ஒரு ரீங்காரம். நல்ல மத்தியானம், விளக்கு எரியவில்லை, விசிறி ஓடவில்லை. புதிதாகக் குடிவந்த இந்த வாடகை வீட்டில், வாசல்நிலைக்கு மேலே கறுப்பு மீட்டர் மட்டும் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை. எனக்கு அது அண்ணி. முந்தானையை இடுப்பில் செருகி, கையில் துடைப்பத்தோடு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணாடிக்குள் சுழலும் தகட்டையே பார்த்தபடி அந்தச் சத்தத்துக்குக் கீழே நிற்கிறாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் இரண்டு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்தன. பல்புகள் அண்ணன் வாங்கியவை. ரேடியோ, அண்ணியின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. அண்ணன் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினான். நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் அந்த வீட்டில் அண்ணியோடு பேசியது ரேடியோ ஒன்றுதான். திடீரென்று ஒரு தடவை கரண்ட் பில் எகிறியது. அடுத்தது அதையும் தாண்டியது. அண்ணன் விசாரிக்கவில்லை, தீர்ப்பே சொல்லிவிட்டான். "நாள் பூரா பாட்டு கேட்டுகினு குந்தினா பில்லு ஏறாம இன்னா பண்ணும்? இது இன்னா மகாராணி ஊடா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைக் கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, பருத்திப்பட்டில் யாருக்கோ விற்று, பில்லைக் கட்டிவிட்டு வந்தான். குழாயடியில் அண்ணிக்குப் புதுப்பேர் விழுந்தது: கரண்ட்டு தின்னி. அவள் அழவில்லை. ரேடியோ இருந்த பலகையைத் தினமும் துடைத்தாள், அவ்வளவுதான்.

ரேடியோ போனதும் வீட்டுக்குள் ஓர் அமைதி வந்தது. அந்த அமைதியில்தான் மீட்டரின் முனகல் காதில் விழுந்தது. "தம்பி, இங்க வந்து பாரேன். ஊட்ல ஒண்ணுமே எரியல. சக்கரம் மட்டும் சொம்மா சுத்திகினே கீது." பார்த்தேன். தகட்டின் சிவப்புப் பொட்டு வந்தது, போனது, மறுபடி வந்தது. யாரும் தொடாமலே எங்கள் வீடு மின்சாரம் தின்றுகொண்டிருந்தது. அண்ணனிடம் சொன்னபோது சிரித்தான். "ரேடியோ திரும்ப வரணும், அதுக்குத்தான இந்தக் கதை?"

அவனை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கரண்ட் ஆபீசுக்கு நடந்தோம். இன்று வா, நாளை வா, அதிகாரி இல்லை, மீட்டர் பார்க்கிற ஆள் லீவு. கடைசியில் ஒருவர் வந்து பார்த்தார், மீட்டர் கெட்டுவிட்டது என்றார், வேறு மாட்டிவிட்டுப் போனார். கூடுதலாகக் கட்டிய பணத்தை வாங்கப் போனபோது மேசைக்குப் பின்னாலிருந்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். "தப்பு எங்களோடதுதான். அடுத்த பில்லுல அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்மா."

அண்ணி அசையவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேந்து அதத்தான் சார் பண்ணிகினு கீறேன். இனிமே முடியாது. துட்ட கையில குடுங்க."

ஆபீசே சிரித்தது. "இந்தம்மா வேற அட்ஜஸ்ட சொல்லுது சார்!" என்றது பின் மேசை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பும் வழியில், ஏரிக்கரை வெயிலில், அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று விளக்க ஆரம்பித்தேன். கட்டிய பணம் எங்கும் போகாது, அடுத்த பில்லில் கழியும் என்று. அவள் நின்றாள். "தெரியும் தம்பி. கழிச்சா பில்லு கொறையும். கொறைஞ்சா உங்கண்ணன் இன்னா சொல்வாரு? ரேடியோ போச்சு, பில்லு எறங்கிச்சும்பாரு. கையில வந்தாத்தான் அது தப்பா வாங்குன துட்டு. அவரு முன்னால வெக்கணும், அதுக்குத்தான் கேட்டேன்." படித்தவர்கள் சிரித்த இடத்தில் அவள் ஒரு சொல்லைக்கூடத் தவறாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது அந்த ஆபீஸ் அல்ல, என் அண்ணன்.

கையில் கொடுக்க வழியில்லை என்றார்கள். பணம் பில்லில் கழிந்தது. அந்த பில்லை அண்ணன் வாசலில் நின்று, குழாயடிக்கும் கேட்கும்படி படித்தான். "பாத்தியா? அந்தப் பொட்டி போச்சு, பில்லு சர்ருன்னு எறங்கிச்சு!" மீட்டர் மாற்றியதை, ஆபீசில் ஒப்புக்கொண்டதை எல்லாம் நான் சொன்னேன். "பழசாச்சு, மாத்துனான். அண்ணிக்கு வக்காலத்தா நீ?" என்றான். அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதாங்குழலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பி வந்த நியாயமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அவளுடைய பணம் வந்தது; அவள் மட்டும் கடன்காரியாகவே இருந்தாள்.

இப்போது என் தலைக்கு மேலே இந்த மீட்டர் முனகுகிறது. இதுவும் பழுதுதான். நாளைக்குப் போய்ச் சொன்னால், இவர்களும் நல்லபடியாகவே பேசுவார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் கேட்க முடியாது. மேசையிலிருக்கும் ரேடியோவைத் திருகுகிறேன், முனகல் அமுங்கும்வரை. பம்பாயில் வேலை கிடைத்து நான் கிளம்பிய காலையில், கள்ளிக்குப்பத்து வாசலில், சத்தமில்லாத அந்தப் புது மீட்டருக்குக் கீழே நின்றபடி அண்ணி சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

"போற எடத்துல ஒரு ரேடியோ வாங்கு தம்பி. சத்தமா வெச்சுக் கேளு. எவனுக்காவும் கொறைக்காத."