கூறைக்கும் வெள்ளைக்கும் இடையில்

எங்கள் அக்கா திரியாயில், வயற்காரக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நடுவில் அண்ணா, கடைசி நான். போரால் ஊர் குழம்பியபோது அப்பா எங்களைத் திருகோணமலைப் பட்டணத்துக்குக் கூட்டி வந்தார். ஓர்ஸ் ஹில் சரிவில், துறைமுகத்து நீர் ஒரு துண்டாக மட்டும் தெரியும் வாடகை வீடு. அங்கிருந்துதான் அக்கா கலியாணம் செய்து, இரண்டு ஒழுங்கை தள்ளி அத்தானின் வீட்டுக்குப் போனார். அத்தான் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வர்ணம் பூசுபவர். மணமாகி அதிக காலம் ஆகவில்லை. ஒரு காலை வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த நாட்களில் அப்படித் திரும்பாதவர்கள் பலர். தேடாத இடமில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை.

இந்த நினைவு மலருக்காக அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு நிறங்கள்தான் வருகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தானின் தாயாரும் அக்காவுமாக மிஞ்சிய அந்த வீட்டின் பின்புறத்தில், அக்கா துணிகளுக்குச் சாயம் போடத் தொடங்கினார். துணி அவிக்க ஒரு பெரிய கிடாரம், சாயத் தூள், உப்பு, விநாகிரி. வெளுத்த சேலைகள் வந்தன. கோயிலுக்கு நடக்கிறவர்களின் காவி வேட்டிகள் வந்தன. பள்ளிக்கூடத்து நடன உடுப்புகள் வந்தன. உப்புக் காற்றிலும் வெயிலிலும் பழுப்பேறிய அபாயாக்களைக் கிண்ணியாவிலிருந்து ஜெசீமா கட்டாகக் கொண்டுவருவார்.

"அக்கா, போன முறை போட்டது கறுப்பா, கத்தரிக்காயா எண்டு எங்கட ஊட்டுக்காரர் கேக்கிறாரு."

"கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாக்கச் சொல்லு. ஒரு கிழமையா ஊறப்போட்ட கறுப்பு அது."

இருவரும் சிரிப்பார்கள். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அந்தக் கிடாரத்தடியில்தான் கண்டிருக்கிறேன்.

துணியை விரலால் நெருடிப் பார்த்தே சொல்வார்: "இது சாயம் குடிக்கும். இது குடிக்காது, கொண்டு போங்கோ." உப்புப் போடாவிட்டால் நிறம் நிற்காது என்பார். வெள்ளையையும் அவர் சும்மா விட்டதில்லை. மாமி, அதாவது அத்தானின் தாயார், விதவை, வெள்ளைச் சேலைதான். கிழமைக்கொருமுறை அதை நீலம் முக்கி அலசுவார். நீலம் படாத வெள்ளை மஞ்சளாகிப்போகும். நெற்றிக்குரிய குங்குமத்தையும் கடையில் வாங்கமாட்டார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர, கண்ணெதிரே இரத்தச் சிவப்பாக மாறும். அதைத் தினமும் காலையில் மாமியின் முன்னால் நின்று வைத்துக்கொள்வார். மாமி பார்த்துத் தலையசைப்பார். அதன் பிறகுதான் அந்த வீட்டில் தேநீர்.

அந்தச் சிறு சிவப்புக்குள் அக்கா அடைபட்டுக் கிடந்தார். சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன். கலியாண வீடுகளில் ஆராத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்க அக்கா வேண்டும். தட்டை ஏந்த வேறொருவர். கணவன் இருக்கிற பெண்களோடு முன்னால் நிற்க முடியாது, கணவனை இழந்த பெண்களோடு பின்னால் இருக்கவும் முடியாது. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கதவு நிலையில் சாய்ந்து நின்றே ஊர்க் கலியாணம் எல்லாம் பார்த்தார். அண்ணா கனடாவுக்கு அழைத்தார். வீடு பூட்டியிருந்தால் வருகிறவர் என்ன நினைப்பார் என்றார் அக்கா. கந்தளாயிலிருந்து நல்ல மனிதர் ஒருவர், எல்லாம் தெரிந்தும், அவரை மணக்கக் கேட்டு ஆள் அனுப்பினார். அன்று அக்கா பகல் முழுவதும் ஒரே சேலையை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான் வருவார் எண்டு உண்மையா நம்புறியோ அக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரோ? வாறதெண்டால் எப்பவோ வந்திருப்பார்."

"அப்ப பொட்டை அழி. கந்தளாயாருக்கு ஓம் எண்டு சொல்லு."

"அழிச்சால் மாமி அண்டைக்கே செத்துப்போவா. அவவின்ர மகன் என்ர நெத்தியிலதான் இருக்கிறார். ஒரு பொட்டு என்னை என்ன செய்யப்போகுது?"

அது என்ன செய்தது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

சென்ற ஆண்டு, காய்ச்சல் என்று படுத்தவரின் இருதயம் ஆசுபத்திரியில் நின்றது. பிரேதத்தை ஆயத்தம் செய்யும் மலர்ச்சாலையிலிருந்து வந்த இளைஞர், அக்காவுக்கு உடுத்துவதற்குச் சேலை தரும்படி வாசலில் நின்றார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: சுமங்கலி என்றால் கலியாணக் கூறை, இல்லையென்றால் வெள்ளை. அலுமாரியைத் திறந்தபடி நான் நின்றேன்.

"ஒண்டைச் சொல்லு பிள்ளை," என்றார் எங்கள் பெரியம்மா. "கூறை கட்டினால், புருஷன் எங்க எண்டு சனம் கேக்கும். வெள்ளை கட்டினால், இவ்வளவு காலமும் ஏன் பொட்டோட திரிஞ்சவள் எண்டு கதைக்கும். செத்தும் இவளுக்கு வழியில்லை."

கதிரையில் இருந்த மாமி தலை நிமிர்த்தாமலே சொன்னார்: "கூறையைக் குடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் உங்கட மகன் இருக்கிறார் எண்டுதானே மாமி சொல்லுறியள்? இதுக்காகத்தானே அக்கா இப்பிடிக் கிடந்து..."

"அவன் இல்லைப் பிள்ளை. அவன் காணாமற்போன அந்த மாரி முடிய முன்னமே எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதோ?"

மாமி தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக் காட்டினார்.

"நான் வாய் திறந்தால் அவளின்ர பொட்டை அழிப்பியள். தாலியைக் கழட்டுவியள். சின்னப் பிள்ளை அவள். நான் இந்த வெள்ளையைக் கட்டிப் பார்த்தவள். அதை அவளுக்கும் குடுக்க எனக்கு ஏலாது. அதுதான், அவன் வருவான், பொட்டை வை எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

கந்தளாயாரைப் பற்றி மாமிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. ஒருவர் மற்றவரைக் காப்பாற்றுவதாக எண்ணி, காலையில் ஒரு பொட்டு, ஒரு தலையசைப்பு என்று, இரண்டு பெண்களும் ஒரே கதவை உள்ளும் புறமுமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கூறையைக் கொடுத்தேன். சவப்பெட்டி வீட்டுக்கு வந்ததும் குங்குமம் வைக்கச் சுமங்கலி ஒருவரைப் பெரியம்மா தேடினார். மாமி எழுந்து, வெள்ளைச் சேலையோடு போய், தானே வைத்தார். பெரியம்மா விலகி வழி விட்டார்.

அன்று எங்களோடு நின்ற அனைவருக்கும் நன்றி. பெட்டி தூக்கியவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த ஒழுங்கைச் சனத்துக்கும், ஆற்றுப்படுத்திய ஐயருக்கும், கனடாவிலிருந்து பறந்து வந்த அண்ணா குடும்பத்துக்கும் நன்றி. கிடாரத்தில் ஊறிக் கிடந்த தங்கள் சேலைகளை ஈரத்தோடே எடுத்துக்கொண்டு, காசை மாமியின் மடியில் வைத்துப்போன பெண்களுக்கும், அந்தக் கிழமை முழுவதும் மாமியின் பக்கத்திலேயே படுத்த ஜெசீமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று திவசத்துக்கு வந்த நீங்கள், முன்னறையில் படையல் இலை இரண்டு கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். கூறையோடு அக்காவை அனுப்பியதால், உயிரோடிருக்கிறவராகிப்போன அத்தானுக்குத் திவசம் என்று ஒன்று இல்லாமற் போயிற்று. போன கிழமை மாமி என்னைக் கூப்பிட்டார்.

"அவள் போய்ச் சேர்ந்திட்டாள். இனி அவளின்ர பொட்டை அழிக்க ஒருத்தராலயும் ஏலாது. அவளுக்கு இலை போடேக்க பக்கத்தில இன்னொண்டும் போடு. அண்டைக்கு அவன் வேலைக்குப் போகேக்க நான் கட்டிக் குடுத்தது ஒருநேரச் சோறுதான்."

திதி தெரியாமல் எப்படி என்று ஐயர் தயங்கினார். பிறகு, வழிக்குச் சோறு கட்டத்தான் இலையை வாட்டுவது, இதை வாட்டாமல் போடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது இலை யாருக்கென்று மாமியிடம் கேட்க வேண்டாம். பந்தியில் மாமிக்குப் பக்கத்தில் இருந்து, வயிறாறச் சாப்பிட்டுப் போங்கள்.

— தங்கை