கார்னர் கோதண்டத்தின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் கோதண்டம் என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. மிலிட்டரி கோதண்டம், மாட்டுத் தரகு கோதண்டம், கார்னர் கோதண்டம். கார்னர் கோதண்டம் ஏரிக்கரை வீட்டு வேதாசலத்தின் கடைசி மகன். அம்மா தென்னேரிக்காரி. அந்த அம்மா வழியில் பாதிப் பேருக்கு இடது கைப் பழக்கம். கோதண்டத்துக்கு அது காலுக்கு இறங்கிவிட்டது.

ஏரி வற்றும் மாதங்களில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். அதை மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்தி, நாலு சவுக்குக் கழியை நட்டுவிட்டால் கால்பந்து மைதானம். பூட்ஸ் ஏது? வெறுங்கால்தான். அந்த வெறுங்காலால் வலது மூலையிலிருந்து கோதண்டம் கார்னர் அடிப்பான் பாருங்கள், பந்து கோட்டை விட்டு வெளியே போவது போலப் போகும். எதிரணி கோல்கீப்பர் கையைத் தொங்கவிட்டு நிற்பான். பந்து காற்றிலேயே வளைந்து அவன் முதுகுக்குப் பின்னால் உள்ளே விழும். யார் தலையும் படாமல், யார் காலும் படாமல். ஒரு தடவை விழுந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். கோதண்டத்துக்கு அது பழக்கம். பெயரோடு கார்னர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அப்படிப்பட்டவன் நாற்பத்திரண்டு வயதில் செத்துப்போனான். ஊருக்கே தெரியும், குடிதான். ஆனால் அவன் மனைவி செங்கமலத்தின் அண்ணன் நடேசன் மட்டும் யார் கேட்டாலும் மஞ்சள் காமாலை என்பார். அந்தப் பக்கத்தில் குடித்துச் செத்தவர்கள் எல்லோரும் மஞ்சள் காமாலையில் செத்தவர்கள்தான்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் மாசி மாதம் கோதண்டத்தின் ஒரே மகள் ரத்னாவுக்கு ஒரு இடம் வந்தது. ரத்னா தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிற பெண். மாப்பிள்ளை படப்பை ஏகாம்பரத்தின் மகன் சுபாஷ், ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கண்ணுக்கு லட்சணமான பையன். ரத்னாவும் அவனும் காலையில் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் என்பதால், முகம் தெரியாத இடம் என்றும் சொல்ல முடியாது. அவள் வாயால் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து எதிர்ச் சொல்லும் சொல்லவில்லை. செங்கமலத்துக்கு அது போதும். இந்த இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று வல்லக்கோட்டை முருகனிடம் அவள் வேண்டாத நாளில்லை.

நடேசன் களத்தில் இறங்கினார். பெண்ணின் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது "கோதண்டராமன், விவசாயம், காமாலையில காலமாயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கும் போனார். விசாரிக்க வருகிறவன் முதலில் வந்து உட்காருகிற இடம் அதுதானே!

"யோவ் கன்னியப்பா, என் தங்கச்சி வூட்டப் பத்தி எவன் வந்து கேட்டாலும் குடின்ற வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக்கூடாது."

"வராது."

"கடையில உக்காந்துகினு கீற இந்த நாலு பேர் வாயிலேர்ந்தும் வரக்கூடாது."

"நடேசா, என் கடைப் பாய்லர் மேல சத்தியம்" என்றார் கன்னியப்பன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி கேன்டீன் வேலை முடிந்து செங்கமலம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, டீக்கடை பெஞ்சில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கறவை மாடு வாங்க வந்தவராம். மாடு வாங்க வந்தவர் மாட்டைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். செங்கமலத்துக்கு உடனே புரிந்துவிட்டது, இது மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைக்குப் பின்பக்கம், விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"காமாலையில பூட்டாருபா. நல்ல மனுசன்" என்று கன்னியப்பன் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். அதோடு விட்டிருக்கலாம். பெஞ்சில் இருந்த ஒருத்தர் விடவில்லை.

"நல்ல மனுசன்னு சொன்னா ஆச்சா? அவன் காலு மாதிரி ஒரு காலு இந்த ஜில்லாவுல உண்டா?"

"காலா?" என்றார் ஏகாம்பரம்.

"இன்னாங்க, கார்னர் கோதண்டம் தெரியாதா உங்களுக்கு?"

ஏகாம்பரம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கார்னர் கோதண்டமா? காஞ்சிபுரம் ஃபைனல்ல..."

"அவனேதான்!" என்று கன்னியப்பன் பாய்லரை விட்டு வெளியே வந்துவிட்டார். குடியைப் பற்றிப் பேசமாட்டேன் என்றுதான் அவர் சத்தியம் செய்திருந்தார். பந்தைப் பற்றிப் பேசாதே என்று நடேசன் சொல்லவே இல்லை. காஞ்சிபுரம் கோல், வாலாஜாபாத் கோல், மழையில் அடித்த கோல், காய்ச்சலோடு அடித்த கோல் என்று நாலு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். விறகுக்குப் பின்னால் நின்ற செங்கமலம் நினைத்திருந்தால் முன்னால் வந்து பேச்சை வெட்டியிருக்கலாம். அவள் வெட்டவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள்.

"இவ்ளோ பெரிய ஆட்டக்காரரு ஏன் ரயில்வே டீமுல சேரல?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

அங்கேதான் வண்டி குழியில் இறங்கியது. கோதண்டத்தின் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போனால், ஒரு இடத்தில் குடியைச் சொல்லாமல் மேலே நகர முடியாது. கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "கூப்ட்டாங்க. திங்கக்கெழமை காலையில பெரம்பூர் வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கெழமை வாலாஜாபாத்துல ஜெயிச்சிட்டு வந்தான். அப்பல்லாம் சாராயக் கடை தொறந்து கெடந்த காலம். ஜெயிச்சிக் குடுத்தவனுக்கு ஊரு ஊத்திக் குடுத்துச்சு. இவனும் போதும்னு சொல்ற ஆளில்ல. மறுநாள் மத்தியானம் நாத்தத்தோட போய் நின்னான். போய்யான்னு அனுப்பிட்டாங்க. அப்பறம் அதுவே வேலையாப் போச்சு. குடிச்சே வீணாப் போனான், பாவி."

சத்தியம் உடைந்தது அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஏகாம்பரம் மாட்டை விசாரிக்காமலே படப்பை பஸ் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் நடேசன் குதித்த குதியைத் தெருவே பார்த்தது. "உன் கல்யாணத்த உங்கப்பன் செத்தும் கெடுக்கிறாண்டி" என்று ரத்னாவிடம் கத்தினார். ரத்னா அரிசி களைந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: "நான் அவுரு ஆடிப் பாக்கவே இல்ல மாமா. குடிச்சதத்தான் பாத்தேன். எனக்கு இது புதுசு இல்ல."

உண்மைதான். அவள் விவரம் தெரிந்த பெண்ணாகும்போது கோதண்டம் மைதானத்தை விட்டுவிட்டான். ஏரிக்கரையில் விழுந்து கிடந்தவனைத் தூக்கிவரத் தாயோடு போனவள் அவள். டீக்கடையில் யாராவது "உங்கப்பன் அடிச்ச கார்னர் இருக்கே" என்று ஆரம்பித்தால், நிற்காமல் போய்விடுவாள்.

அந்த இடம் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாலாம் நாள் படப்பையிலிருந்து ஆள் வந்து சொன்னது வேறு. கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக் கோயிலுக்கு வருகிறோம், பெண்ணோடு வாருங்கள், பெண்ணின் அம்மாவிடம் ஒரு விஷயம் நேரில் கேட்க வேண்டும். கோயிலில் பெண் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். பிடிக்கவில்லை என்றால் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் வீட்டுக்குப் போய்விடலாம்.

போகிற வழியெல்லாம் நடேசன் தங்கைக்குப் பாடம் சொன்னார். "எவனோ பொறாமையில சொல்றான்னு சொல்லிடு. அந்தக் கோதண்டம் வேற, எங்க கோதண்டராமன் வேறன்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

செங்கமலம் நடந்துகொண்டே இருந்தாள். சூடம் வாங்க மட்டும் ஒரு கடையில் நின்றாள்.

பிரகாரத்து மண்டபத்தில் ஏகாம்பரம், அவர் மனைவி கிளியம்மாள், சுபாஷ் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கிளியம்மாள் பூக்கூடையைப் பக்கத்தில் மூடி வைத்திருந்தாள். முகமும் அப்படித்தான் இருந்தது. ரத்னாவை ஒருதரம் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், திருப்பிக்கொண்டாள்.

"ஏம்மா, உங்கண்ணன் காமாலைன்னு சொன்னாரு" என்று ஏகாம்பரம் ஆரம்பித்தார்.

"காமாலைதான் அண்ணா" என்றாள் செங்கமலம். "காமாலை குடியால வந்துச்சு."

நடேசன் தூணைப் பிடித்துக்கொண்டார். கிளியம்மாள், "பாத்தீங்களா, வாயத் தொறந்து அதுவே சொல்லிடுச்சு" என்றாள்.

"இரு கிளி." ஏகாம்பரம் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "காஞ்சிபுரம் ஃபைனல நான் பாத்தவம்மா. படப்பையிலேர்ந்து சைக்கிள்ல போனோம். அப்பிடி ஒரு கோல நான் அப்பறம் பாக்கல. இந்தாளு மெட்ராஸுக்கு ஆடுவான், பேப்பர்ல வருவான்னு பாத்துக்கினே இருந்தேன். வரவே இல்ல. இப்பத்தான் தெரியுது. இப்பிடி ஒரு ஆளு, பொண்டாட்டி புள்ளையையும் பாக்காம, ஆட்டத்தையும் பாக்காம... உனக்கு வயிறு எரியலியா? எல்லாம் வீணாப் போச்சேம்மா."

"நீங்க பாத்த கோல் உள்ள போச்சா, வெளிய போச்சா?"

"உள்ளதான்."

"அப்பறமா அவுரு குடிச்சாருன்னு அது வெளிய வந்துடுச்சா?"

சுபாஷுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முறைத்ததும் கோபுரத்தைப் பார்த்தான்.

"குடிச்சது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேண்ணா" என்றாள் செங்கமலம். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அடி வாங்கினது நானு. தூக்கியாந்தது நானும் இந்தப் பொண்ணும். வையணும்னா நாங்க ரெண்டு பேரும் வையணும். நாங்க வைஞ்சிக்கினுதான் கீறோம். ஆனா ஊருக்கு அவுரு இன்னா கொற வச்சாரு? கூப்ட்டப்பல்லாம் போயி ஆடினாரு. காசு கேக்கல. கால் வீங்கினப்பவும் ஆடினாரு. கை தட்டினவங்கதான் ஊத்தியும் குடுத்தாங்க. அவங்களே இன்னிக்கு வீணாப் போனான்றாங்க. ஆடாமப் போன ஆட்டம் வீணு, ஒத்துக்கிறேன். ஆடினது எப்பிடி வீணாவும்? நீங்க பாத்தீங்களே, அது உங்களுக்கு வீணா?"

"அது எப்பிடிம்மா வீணாவும்?" என்றார் ஏகாம்பரம்.

"அதான். உங்க கேள்வி முடிஞ்சிது. இப்ப எனக்கு ஒண்ணு கேக்கணும். குடிகாரன் கூட குடும்பம் நடத்தினவ நானு. என் பொண்ணுக்கும் அதே வரக்கூடாது இல்ல?" அவள் மாப்பிள்ளைப் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ குடிப்பியா?"

"ஐயே, எம்புள்ளையப் பாத்தா..." என்று கிளியம்மாள் எழுந்தாள்.

சுபாஷ் அம்மா பக்கம் பார்க்காமல் சொன்னான்: "போனஸ் அன்னிக்கு லைன்ல கீற பசங்க கூட ஒரு பீர், அத்தை."

"அடப்பாவி!" என்று கிளியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். "வாயில கெட்ட நாத்தம் வந்துச்சேடான்னா, மெஷின் ஆயிலும்மான்னியேடா!"

பக்கத்துத் தூணடியில் பிரசாதம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. நடேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செங்கமலம் மட்டும் சிரித்தாள்.

"பெத்தவங்க எதிர்ல பொய் சொல்லல. எனக்கு இது போதும். ஆனா தம்பி, என் பொண்ணு வந்தப்பறம் அந்த ஒண்ணும் கெடையாது. எங்க வீட்டுக்காரரும் ஒண்ணுதான்னு ஆரம்பிச்சவரு."

சுபாஷ் ரத்னாவைப் பார்த்தான். ரத்னா கண்ணைத் தாழ்த்தவில்லை. "சரி" என்றான் அவன். அத்தையிடம் சொன்னானா, அவளிடம் சொன்னானா என்பது அவனுக்கே தெரியாது.

கிளியம்மாள் பூக்கூடையின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். தன் மகன் மறைத்ததை நினைத்தாளோ, எதிரே இருந்தவள் மறைக்காததை நினைத்தாளோ. பிறகு நடேசனைப் பார்த்து, "உன்னை மட்டும் நம்பி வந்திருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்" என்றாள். பூக்கூடையின் மூடி திறந்தது. "இங்க வாடி. கிட்ட வந்து உக்காரு."

ரத்னா எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"யம்மா" என்றாள் ரத்னா. "வையறதுக்கு உனக்கும் எனக்கும் குடிச்ச ஆளு. கை தட்றதுக்கு ஊருக்கு ஆடின ஆளு. ஊருக்கு ரெண்டும் தெரியும். எனக்கு ஒண்ணுதான தெரியும்?"

பந்தாட்டம் பார்க்கப் போன பெண்ணில்லை செங்கமலமும். கஞ்சி எடுத்துக்கொண்டு கரை வரைக்கும் போவாள், அவ்வளவுதான்.

ரத்னா எழுந்து போய்க் கிளியம்மாளின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஏகாம்பரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, அந்தக் கோல் எப்பிடிப் போச்சு?"

ஏகாம்பரம் எழுந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "இந்தத் தூணு ஒரு போஸ்ட்டு. உங்க மாமன் நிக்கிறாரே, அது ஒரு போஸ்ட்டு. நடேசா, நகராத. நான் வெளிய, கயித்துக்கு இந்தாண்ட நிக்கிறேன். உங்கப்பா அதோ, அந்த விளக்கு கீதே, அங்க. ஜனம் அப்பிடியே மூச்சு விடல. ரெண்டு அடி பின்னால போனாரு..."

அவர் கை விளக்கடியிலிருந்து புறப்பட்டு, மண்டபத்துக்கு வெளியே போவது போலப் போய், மெல்ல வளைந்தது. ரத்னாவின் தலையும் கூடவே வளைந்து போயிற்று.

"தலைய ஆட்டாதடி" என்றாள் கிளியம்மாள், வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு. "பூ நிக்க மாட்டேங்குது."