எண் போட்ட வீடு

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரில் ஒரு கிழவி ஞாயிற்றுக்கிழமைதோறும் சீட்டு வாங்கிக்கொண்டு தன் சொந்த வீட்டுக்குள் போகிறார். வரிசையில் நின்று, கைப்பையைத் திறந்து, சீட்டு வாங்கி, வாசலில் நிற்பவரிடம் அதைக் காட்டிவிட்டு உள்ளே நுழைகிறார். ஐந்து மணிக்கு மணி அடித்ததும் மற்றவர்களோடு வெளியே வந்துவிடுகிறார். பெயர் ஃப்ராவ் க்ரேமர், நம் ஊரில் என்றால் க்ரேமர் அம்மாள். இடுப்பெலும்பு முறிந்து என் வார்டில் ஆறு வாரம் படுத்திருந்தவர். ஊரில் இருந்து படிக்கிற உங்களுக்கு இது கட்டுக்கதை மாதிரி இருக்கும். என்னோடு இங்கே நர்ஸ் வேலைக்கு வந்த பெண்களே முதலில் நம்பவில்லை.

அந்த இடத்தை ஃப்ரைலிஷ்ட்மூசேயும் என்கிறார்கள். திறந்தவெளியில் ஒரு பழைய கிராமத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கெங்கோ பிரித்து எடுத்துவந்த வீடுகள், மாட்டுத்தொழுவம், கொல்லன் பட்டறை, ஒரு சின்ன மாதா கோயில். அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு பெண்கள் ராட்டையில் நூல் நூற்கிறார்கள், விறகடுப்பில் ரொட்டி சுடுகிறார்கள். எல்லாம் சம்பளத்துக்குத்தான், சாயங்காலம் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஃப்ராவ் க்ரேமரின் ஊர் இப்போது இல்லை. அதன் அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. நெய்வேலிப் பக்கத்துப் பெண்ணான எனக்கு அதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போன வைகாசியில், ஊன்றுகோல் வைத்து நடக்க ஆரம்பித்ததும், என்னை அங்கே கூட்டிப்போய்த் தன் வீட்டைக் காட்டினார். வாசலில் நான்கு படி. அவரால் ஏற முடியாததால் வெளியிலேயே நின்று பார்த்தோம். ஊன்றுகோலைத் தூக்கி ஒவ்வொரு உத்திரமாகச் சுட்டினார். “எல்லாவற்றுக்கும் எண் போட்டார்கள், சிஸ்டர் மேரி. ஒரு கட்டை தவறவில்லை. அப்படியே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்” என்றார். அந்தப் பெருமையைப் பார்த்து எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. அன்றைக்கே அப்பாவுக்கு விமானத் தபாலில் ஓர் ஏரோகிராம் எழுதினேன். இங்கே ஊரைத் தோண்டினாலும் வீட்டை அழிப்பதில்லை, கட்டைக்குக் கட்டை எண் போட்டுப் பிரித்து வேறு இடத்தில் அப்படியே நிறுத்திக் கொடுத்துவிடுகிறார்கள் என்று எழுதினேன். என் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

எங்கள் வீட்டுக்கும் எண் போட்டாகிவிட்டது, ஆனால் அது வேறு எண். மூன்று வருடங்களுக்கு முன் நான் லீவில் போயிருந்தபோது போட்டது. சுரங்கம் எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டது, இடித்து எடுக்கப்போகும் வீடுகளை அளந்து சுவரில் வெள்ளைப் பெயின்டால் குறித்துக்கொண்டு வந்தார்கள். அளக்கிற கோஷ்டியில் என் அண்ணன் சவரிமுத்து இருந்தான். முன்பே சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வகையில் கிடைத்த வேலை, பர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், குழாயைத் திறந்தால் தண்ணீர், தலைக்கு மேல் ஃபேன். “நீ தள்ளி நில்லு சவரி, நான் போட்டுடறேன்” என்று கூட வந்தவர் சொல்லித்தான் பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை. நம் வீட்டுக்கு வேறு கை எதற்கு என்று நினைத்தானோ என்னவோ, பிரஷ்ஷை அவனே வாங்கினான்.

அப்பா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். “சார், வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க சார்” என்று அண்ணனிடம் நீட்டினார். பெற்ற பிள்ளையை சார் என்றார்! அண்ணன் வாங்கிக் குடித்தான். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. அதற்குப் பிறகு அப்பா அவனோடு பேசவே இல்லை. நான் பிறந்த வருடம் அவரே மண் குழைத்து எழுப்பிய வீடு அது. அம்மா கண்ணை மூடியதும் அங்கேதான். எனக்கு அண்ணன் மேலும் கோபம் வரவில்லை, அப்பா மேலும் வரவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாததுதான் பெரிய வேதனையாக இருந்தது.

இந்த ஐப்பசித் தொடக்கத்தில் அண்ணன் கடிதம் வந்தது. நாலு விசாரிப்பு இல்லை, எடுத்த எடுப்பிலேயே சண்டை.

“மேரி, அப்பாவுக்கு இன்னா எழுதின நீ? ஊர்ல எல்லாரும் கம்பெனி குடுத்த மாத்து மனைய வாங்கிகினு போயிட்டாங்க. இவரு மட்டும் ஒக்காந்துகினு இருக்காரு. ஜெர்மனியில செய்யிறாங்களாம், எம் பொண்ணு எழுதியிருக்கா, இங்கயும் வூட்ட அப்பிடியே எடுத்து வச்சிக் குடுங்க, அப்பதான் வருவேன்னு ஆபீசர்கிட்ட உன் லெட்டர நீட்டுறாரு. அவரும் நல்ல மனுசன், மூணு தடவ தவணை குடுத்துட்டாரு. அப்பா அதோட வுட்டாரா? கூரையில பாதி ஓட்ட எறக்கிப் போட்டுட்டு, ஒவ்வொரு கைமரத்துக்கும் தாரால நம்பர் போட்டுகினு இருக்காரு. மழ புடிச்சிகிச்சி. மண்செவுரு ஊறிப்போயி நிக்கிது. அதுக்குக் கீழதான் படுக்கிறாரு. நான் போனா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நீ ஏத்தி வுட்டது, நீயே எறக்கு.”

படித்ததும் நான் எழுதியதை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனசின் ஒரு மூலையில் ஓர் அற்ப ஆசையும் இருந்தது. ஒருவேளை நடக்குமோ? மறுநாள் எனக்கு ஓய்வு நாள், ஞாயிறு. நேரே மூசேயுமுக்குப் போனேன். வைக்கோல் தொப்பி போட்ட காவலாளியிடம், மண்சுவர் வீட்டை எப்படித் தூக்கிவருவீர்கள் என்று கேட்டேன். நான் ஏதோ வீட்டை நன்கொடை கொடுக்க வந்திருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். “உங்கள் வீடு எந்த நூற்றாண்டு?” என்றார். “நான் பிறந்த வருடம் கட்டியது” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்படியானால் இருநூறு வருடம் கழித்து வாருங்கள்!”

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒழுங்காகப் பேசினார். மண் வராது என்றார். அதை அங்கேயே உடைத்துப் போட்டுவிடுவார்கள், சுவர் எல்லாம் இங்கே புதிதாகப் பூசியது, மரத்திலும் உளுத்ததைக் கழித்துப் புதுசு வைத்தது. ஃப்ராவ் க்ரேமரின் ஊரிலிருந்து எத்தனை வீடு வந்தது என்று கேட்டேன். ஒன்று என்றார். மற்ற வீடுகள்? இடித்துத் தள்ளியது போல அவர் கையைக் கீழே வீசிக் காட்டினார்.

அன்றுதான் நான்கு படியும் ஏறி உள்ளே போனேன். ஃப்ராவ் க்ரேமர் இப்போது படி ஏறப் பழகிவிட்டார், கயிறு கட்டித் தடுத்திருந்த அறைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் பழங்காலத்து உடுப்பில் ஒரு பெண் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை” என்று கிழவி என் காதில் சொன்னார். “இது யாருடைய தொட்டிலோ. என் அடுப்பு புதுசாம், அதை எடுத்துவிட்டார்கள்.” பின்னே ஏன் வாராவாரம் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வேறே எங்கே போவது?” என்றார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, வீடு அப்படி வராது என்று அப்பாவுக்கு அண்ணன் விலாசத்தில் தந்தி கொடுத்தேன். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு மழையில் ஓடியிருக்கிறான். அப்பா வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். “இது மேரி எழுத்து இல்ல. இங்கிலீசுல எவன் வேணா அடிச்சிகினு வருவான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம். தந்தியோடு கடிதமும் அனுப்பியிருந்தேன். அப்பாவை ஒன்று செய்யச் சொல்லி நான் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் பாதியைப் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன் அப்பா, ஓர் ஊருக்கே ஒரு வீடுதான் வந்தது, மண் வரவில்லை, அந்த அம்மாள் அதில் குடியிருக்கவில்லை, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார், தயவுசெய்து வெளியே வந்துவிடுங்கள். கடிதம் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த நாட்களில் தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், எழுதப் போவதற்குள் எண் மறந்துபோகும், திரும்பிவந்து மறுபடியும் பார்ப்பேன். என் அப்பாவை நானே ஈரச்சுவருக்கு அடியில் உட்கார வைத்துவிட்டேனே என்பதைத் தவிர வேறு எதுவும் தலையில் நிற்கவில்லை. ஜெபமாலை கையில் இருந்தது, ஜெபம் வரவில்லை.

மூன்றரை வாரம் கழித்து அண்ணன் எழுதினான். “லெட்டர ரெண்டு தரம் படிச்சாரு. எழுந்திரிச்சி சட்டைய மாட்டிகினு, ‘வண்டி கொண்டாடா’ன்னாரு. மூணு வருசம் கழிச்சி என்ன டா போட்டுக் கூப்புட்டாரு மேரி. மழையில நின்னுகினே அழுதுட்டேன். மரத்த எல்லாம் ஏத்தியாந்துட்டோம். மூணாம் நாளு மேக்கால செவுரு விழுந்துடுச்சி.” படித்துவிட்டு ஹாஸ்டல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதே உறைக்குள் அப்பாவின் தாள் ஒன்றும் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் வீட்டின் படம். மாற்று மனையில் பொங்கல் கழித்து வேலை ஆரம்பிக்கிறாராம், மரமெல்லாம் அண்ணன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதாம். எந்த உத்திரம் எங்கே, எந்தக் கைமரம் எங்கே என்று எல்லாவற்றுக்கும் எண் எழுதியிருந்தார். என் மேல் ஒரு வார்த்தை குறை இல்லை. நன்றாகத் திட்டியிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வடபுறம் ஒரு கட்டம் போட்டு, ‘மேரி அறை’ என்று எழுதியிருந்தார். அந்த வீட்டில் எனக்கு அறையே கிடையாது. நாங்கள் எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுத்தவர்கள். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எந்த எண்ணும் இல்லை.

“தனி அறையில் இருந்து பழகியிருப்பாய். ஜன்னல் கிழக்கே வைக்கவா, மேற்கே வைக்கவா என்று உடனே எழுது” என்று அடியில் கேட்டிருந்தார். கிழக்கே என்று ஓர் ஏரோகிராமில் எழுதி ஒட்டினேன். மறுநாள் இன்னொன்று வாங்கி மேற்கே என்று எழுதினேன். அந்த அறையில் குடியிருக்கப் போகிறேனா, பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறேனா என்று தெரியாமல், இரண்டையும் தபாலில் போடாமல் என் மேசையின் மேல் வைத்திருக்கிறேன்.