சாய்காவின் இன்ஜின்காரர்

செவஸ்தபோல் துறைமுகத்தில் வாலன்டீன் சாவிச்சைப் போல இன்னொரு வயிற்றெரிச்சல்காரர் இருந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது. மனைவி லிதியா ஒரு கல்யாணத்தில் அக்கார்டியன்காரனோடு மூன்று ஆட்டம் ஆடியபோதுகூட மனிதர் பேசாமல் மீன் தின்றுகொண்டிருந்தார். அவருடைய பொறாமையெல்லாம் சாய்கா என்ற இழுவைக் கப்பல் விஷயத்தில்தான். பத்தொன்பது வருடம் அதன் இன்ஜினைக் கட்டிக் காத்தவர்.

உக்ரைன் தனி நாடான பிறகு, கருங்கடல் கப்பற்படையில் ரஷ்யாவுக்கு எது, உக்ரைனுக்கு எது என்று பிரிக்க ஐந்து வருடத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். கடைசியில் ஒரு கோடைக் காலையில் அலுவலகச் சுவரில் இரண்டு பட்டியல்கள் ஒட்டினார்கள். சாய்கா உக்ரைன் பட்டியலில் இருந்தது. அந்த நாட்டுக்கு உறுதிமொழி எடுத்தவர்கள் கப்பலோடு போகலாம். சோவியத் காலத்திலேயே எடுத்தாயிற்று, ஒரு மனிதனுக்கு ஒரு சத்தியம்தான் என்று வாலன்டீன் முறுக்கிக்கொண்டார். ரஷ்யத் தரப்பு அவரை ஒரு மிதவைக்கு மாற்றியது. அதில் இன்ஜினே கிடையாது.

அவருக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்த ஓஸ்தாப் உறுதிமொழி எடுத்தான். சாய்காவின் இன்ஜின் அறை அவன் கைக்குப் போனது. அவன் புதுத் தொப்பியோடு, புதுக் கொடிக்குக் கீழே, மேல்தளத்துப் பித்தளைக் குழாய்களைத் துடைப்பதை மிதவையிலிருந்தே பார்க்க முடிந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் ஓடிப்போயிருந்தாகூட நீ இப்படி இளைச்சிருக்க மாட்ட, வால்யா" என்றாள் லிதியா.

ஆனால் அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. சாய்காவின் டீசல் பம்ப் மக்கர் பண்ணும். அதன் கழுத்தில் மரச்சுத்தியலால் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு தட்டினால்தான் இன்ஜின் கிளம்பும். கிளப்பும் நேரமெல்லாம் ஓஸ்தாப்பை மேலே டீ வாங்க அனுப்பிவிட்டுத்தான் அவர் தட்டுவார். இரு தரப்பு அதிகாரிகளும் பார்க்க ஒவ்வொரு கப்பலும் தன் இன்ஜினில் கிளம்பிக் காட்ட வேண்டும், கிளம்பாதது உடைக்கப் போகும் என்று அறிவித்திருந்தார்கள். அவனுக்குக் கிடைப்பதைவிட அது துண்டு துண்டாகப் போகட்டும் என்று நினைத்தார். நினைத்ததை மறைக்கவும் இல்லை, லிதியாவிடம் சொன்னார். அவள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அந்தச் சோதனை நாளில் அவர் காலையிலேயே போய்த் துறையின் முன்வரிசையில் நின்றார். அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். சாய்கா ஒரு முறை இருமி அடங்கியது. ஒரு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

வாலன்டீன் ஒரு அடி முன்னால் வந்தார். மூன்று தட்டு, நிறுத்து, ஒரு தட்டு. கத்தினால் கீழே கேட்கும். வாயைத் திறந்தார். ஓஸ்தாப்பின் புதுத் தொப்பி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் முறை இன்ஜின் கிளம்பியது. பத்தொன்பது வருடத்தில் அவர் கேட்டிராத அளவுக்குச் சீராக ஓடியது.

எல்லாம் முடிந்து ஓஸ்தாப் இரண்டு கண்ணாடித் தம்ளரில் டீயோடு இறங்கி வந்து ஒன்றை அவரிடம் நீட்டினான்.

"பம்பைத் தட்டினியா?" என்று கேட்டார்.

"அதுல ஒரு ஸ்பிரிங் போயிருந்துச்சு, வாலன்டீன் சாவிச். எண்பத்தொன்பதுல நீங்க லீவுல போனப்பவே மாத்திட்டேன். அப்புறம் தட்டவே வேண்டியதில்ல, ரொம்ப நாள் ஓடாம கெடந்தா ஒரு தடவ இருமும், அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னை டீக்கு அனுப்பும்போது உங்க மூஞ்சியில ஒரு சந்தோஷம் இருக்கும். அதைக் கெடுக்க மனசு வரல." பிறகு மெதுவாகக் கேட்டான்: "இன்னிக்கு ஓடாதுன்னு நெனச்சீங்களா?"

வாலன்டீன் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். எட்டு வருடமாக அவர் தட்டிக்கொண்டிருந்தது ஓஸ்தாப்பின் இன்ஜினை.

"டீல சர்க்கரை பத்தல" என்றார்.