நெல் களத்து டென்னிஸ்

போன வாரம் குத்தாலம் வழியாகக் காரில் வந்துகொண்டிருந்தேன். பின்சீட்டில் என்னிடம் டென்னிஸ் கற்றுக்கொள்ளும் பெண்கள். ஜன்னல் வழியாக நெல் அவிக்கிற வாடை உள்ளே வந்தது. ஊறிய நெல்லை ஆவியில் அவிக்கும்போது புளிப்பாக ஒன்று வருமே, அதேதான். “ஐயே, என்னா நாத்தம் மேடம்!” என்று கண்ணாடியை ஏற்றினார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தேன். பளிச்சென்று வெயில். இருந்தாலும் மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

நான் ஒரு காலத்தில் டென்னிஸ் ஆடிப் பிழைத்தவள். உடனே என்னை டிவியில் பார்த்த ஞாபகம் வருகிறதா என்று யோசிக்காதீர்கள், வராது. உலகத் தரவரிசையில் என் பெயரைத் தேட வேண்டுமானால் கீழிருந்து படித்துக்கொண்டு வருவது சுலபம்.

அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் மேனேஜர். கல்லூரி நாளில் தஞ்சாவூரில் டென்னிஸ் ஆடியவர். மில்லில் அவித்த நெல்லைக் காயப்போட ஒரு பெரிய சிமெண்ட் களம் உண்டு. சாயங்காலம் நெல்லை அள்ளியதும் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, கோடியக்கரையிலிருந்து வாங்கிவந்த மீன்வலையைக் குறுக்கே கட்டிவிடுவார். ஒரு மூலையில் நெல் உமி கிடந்தால் பந்து வழுக்கும். பிற்காலத்தில் புல்தரையில் ஆடியபோது எல்லோரும் திணறினார்கள், எனக்கு மட்டும் அது சொந்த ஊர் மாதிரி இருந்தது.

நெல் முழுக்கக் காயாத நாளில் பாதிக் களத்தில் நெல், மீதியில் நான். அந்த நாட்களில்தான் பயம் ஒட்டிக்கொண்டது. தெற்கே கறுத்தால் போதும், களத்து வேலைக்காரர்களுக்குத் தலைவியான மேரி அக்கா குரல் கொடுப்பார். “பாப்பா, மட்டையப் போடு! பலகையப் புடி!” ராக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். பலகையால் நெல்லைத் தள்ளித் தள்ளிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். முதல் துளிக்கு முன்னால் முடித்தாக வேண்டும், அவ்வளவுதான். நனைந்தால் நெல் கறுத்து நாறிப்போகும். ஒருமுறை அப்படி நனைந்தது. முதலாளி முன்னால் அப்பா கைகட்டி நின்றதைக் கதவிடுக்கில் பார்த்தேன். முதலாளி திட்டவில்லை. ஈர நெல்லை ஒரு கை அள்ளி, அப்பா மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினார். அன்றிலிருந்து மேகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். அறுவடைக் காலத்தில் மட்டும் அப்பா பிரசங்கம் கேட்கமாட்டார், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, அந்த மேட்ச்சுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஒரு ஊர். பெரிய போட்டி ஒன்றின் தகுதிச் சுற்று, அதிலும் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பெரிய வீராங்கனைகளோடு உள்ளே ஆடலாம். முழங்கால் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. இன்னொரு வாய்ப்பு கிடைக்காது என்று டாக்டரும் சொல்லியிருந்தார், எனக்கும் தெரியும்.

முதல் செட் என்னுடையது. இரண்டாவதில் இன்னும் ஒரே ஒரு கேம். அப்போது மரங்களுக்குப் பின்னால் கறுப்பாகத் திரண்டது. ஈரக்காற்று வந்து முகத்தில் பட்டது.

தோற்றுக்கொண்டிருக்கிறவர்கள் மழைக்காக வேண்டிக்கொள்வார்கள். ஜெயிக்கிறவர்களும் பதறத் தேவையில்லை, மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். எனக்கு அதெல்லாம் அத்துப்படி. ஆனால் என் கைக்குத் தெரியவில்லை. நனைவதற்குள் முடி, முடி என்று உள்ளே யாரோ கத்தினார்கள். பந்தைத் தரையில் தட்டக்கூட இல்லை, எடுத்த எடுப்பில் சர்வீஸ் போட்டேன். வலையில் விழுந்தது. ஒவ்வொரு பந்தையும் அடித்தேன் என்பதைவிடத் தள்ளினேன் என்பதுதான் சரி. எதிரே ஆடிய பெண் கெட்டிக்காரி, கவனித்துவிட்டாள். ஷூ கயிற்றை நிதானமாக அவிழ்த்துக் கட்டினாள், டவலால் விரல் விரலாகத் துடைத்தாள். அவள் தாமதிக்கத் தாமதிக்க நான் மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த செட் போனது. அடுத்ததும் போனது. வலைக்கு வந்து கைகொடுத்துவிட்டுப் பையை எடுத்தபோதுதான் முதல் துளி விழுந்தது.

ஓட்டல் அறையிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“தோத்துட்டேம்ப்பா.”

“என்னம்மா, கடைசி கேம் வரைக்கும் வந்துட்டியே?”

“மேகம் கட்டிடுச்சுப்பா.”

“சரிம்மா. சாப்பிட்டியா?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மறுவருஷம் நான் ஆட்டத்தை நிறுத்தியபோதும் கேட்கவில்லை.

அந்த மில்லில் இப்போது நெல்லை உலர்த்த மெஷின் வந்துவிட்டது. ஒரு ஸ்விட்ச்தான், மழையாவது வெயிலாவது. களம் இருந்த இடத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் காரை நிறுத்துகிறார்கள். மேரி அக்கா மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அப்பா போன வருஷம் இறந்துபோனார்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் என்னைப் பாவமாகப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “மழை வந்தா மேட்ச்ச நிப்பாட்டியிருப்பாங்களே, நீங்க ஏங்க அவசரப்பட்டீங்க?”

விளக்கிச் சொல்ல ஆரம்பிக்கிறேன். அப்பா இருந்தவரை, சொல்லாமலே அதைப் புரிந்துகொள்ள ஒரு ஆளாவது இருந்தார்.