ஆட்டுக்கால் முட்டியில் ஆறு எலும்பு

அக்கா பி.யு.சி. படித்த வருடம், கிறிஸ்துமஸுக்கு அடித்த ஆட்டின் முன்னங்கால் ஒன்று குழம்புக்குப் போகாமல் தப்பித்தது. லீவு முடிந்து வரும்போது ஏதாவது ஒரு பிராணியின் கால் மூட்டு ஒன்றை, எலும்புகள் கலையாமல் சுத்தம் செய்து கொண்டுவரும்படி கல்லூரியில் சொல்லியிருந்தார்களாம். அந்த வருடத்துப் பரீட்சையோடு படிப்பு போதும் என்று அப்பா ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நல்லம்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த ஆட்டுக்காலை அக்கா வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து சதையைச் சுரண்டினாள். முட்டிக்குள் புளியங்கொட்டை அளவில் ஆறு எலும்புகள், இரண்டு வரிசையாக. அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நார்கள்.

"சதை எலும்ப இழுக்கும். இந்த நாருதான் எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டியிருக்குது. வளைய வுடும், நழுவ வுடாது" என்று மடக்கிக் காட்டினாள்.

சனிக்கிழமை காலையில் அவள் மாதா கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போனாள். ஆட்டுக்காலுக்கு நான் காவல். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த சுத்தமெல்லாம் அம்மாவின் சுத்தம். கால் கழுவினால் ஒரு மயிர், ஒரு பிசிறு இருக்கக்கூடாது. அந்த நார்கள் எனக்குப் பிசிறாகத்தான் தெரிந்தன. பழைய பிளேடால் ஒன்று விடாமல் அறுத்தெடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அக்கா திரும்பியபோது எலும்புகள் முறத்தில் பளபளவென்று தனித்தனியாகக் கிடந்தன. நான் பாராட்டுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அக்கா அடிக்கவில்லை. சத்தமில்லாமல் அழுதாள். அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. சாக்கு தைக்கிற சணலை இழை இழையாகப் பிரித்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இது எந்தப் பக்கம்மா வரும்?"

அக்கா சொல்லச் சொல்லக் கட்டினார். இறுக்கினால் முட்டி மடங்கவில்லை. தளர்த்தினால் எலும்பு நழுவியது.

"அங்க வேண்டாங்கப்பா, குறுக்க போடுங்க."

ஊருக்கே யோசனை சொல்கிற மனிதர், முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டி, "இப்பிடியா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பொழுது சாய்வதற்குள் கால் ஒழுங்காக மடங்கி நிமிர்ந்தது. அப்பா வெகுநேரம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, "புள்ள இன்னும் மேல படிக்கட்டுங்க. இப்ப கல்யாணம் வேண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று ஓவென்று அழுதேன். அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். பாவம், அவளுக்கும் புதுச்சேலை போயிற்றே என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.