சித்தப்பா மொழிபெயர்த்த பறக்கும் வீரன்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு வாசகர் கூட்டத்தில், பத்து வயதில் நான் பார்த்த பறக்கும் வீரன் தொடரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். சண்டை போடுவதைவிட வருத்தப்படுவதில் அதிக நேரம் செலவிட்ட மாவீரன் அவன் ஒருவன்தான், வாரா வாரம் அவன் மனம் பக்குவப்பட்டதுபோல் நாவல்களில்கூட யாரும் பக்குவப்பட்டதில்லை என்றெல்லாம் அடித்துவிட்டேன். இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை இணையத்தில் தேடிப்பிடித்து, கீழே தமிழில் எழுத்து ஓட, முதல் முறையாகப் புரிந்து பார்த்தேன். அவன் ஓரிடத்திலும் வருத்தப்படவில்லை. "விடமாட்டேன்", "ஒழிந்தாய்" இரண்டையும் தாண்டி அவனுக்கு மனம் என்று ஒன்று இருந்ததற்கே தடயம் இல்லை.

தொடர் இந்தியில் வந்தது. எங்கள் வீட்டில் இந்தி தெரிந்தவர் பம்பாயில் வேலை பார்த்துத் திரும்பிய சித்தப்பா மட்டும்தான். ஞாயிறு காலை தெருப்பிள்ளைகள் எங்கள் கூடத்தில் நிறைந்துவிட, அவர் நாற்காலியில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். முதலில் சாதாரணமாகத்தான் போனது. சித்தி தியாகதுருகத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் கதையில் ஆழம் கூடியது.

சித்திக்குக் காய்ச்சல் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவள் போனதற்கு முந்தைய நாள் குடும்பத்தோடு கோமுகி அணைக்குப் போயிருந்தோம். சித்தி கட்டி எடுத்து வந்த புளிச்சோற்றை வாயில் வைத்ததும் சித்தப்பா, "இத அணையில கொட்னா மீனே செத்துடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, வீரன் ஒருவனை மலை உச்சியிலிருந்து தூக்கி எறிந்துகொண்டிருந்தான்.

"பொண்டாட்டிய நாலு பேரு எதிர்ல கேலி பண்ணிட்டான். வூட்டுக்குக் கூப்பிட மூஞ்சி இல்லாம சுத்திக்கினு இருக்கான்" என்றார் சித்தப்பா.

"அடிக்கிறான், சித்தப்பா."

"உள்ளுக்குள்ள அழுவுறான்டா. உனுக்குத் தெரியாது."

மலையைப் பெயர்த்தெடுப்பவனுக்கு ஒரு மன்னிப்பு மட்டும் ஏன் தூக்க முடியாமல் கனக்கிறது? மூன்று வாரம் எனக்கு இதே யோசனை.

அம்மா தியாகதுருகம் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த சித்தியிடம் கதை முழுவதையும் கொட்டினேன். உரித்த கை நின்றுவிட்டது.

"பொண்டாட்டிய கூட்டினு வர ஏன் போவலியாம்?"

"பறக்கத்தான் தெரியுமாம், பேசத் தெரியாதாம். சித்தப்பா சொன்னாரு."

"பறந்துலாம் வர வேணாம், பஸ்ஸுலயே வரட்டும். நாலு பேரு எதிர்ல சொன்னத, அந்த நாலு பேரு எதிர்லயே தப்புன்னு சொல்லிட்டு வரச்சொல்லு."

சித்திக்குக் கதைப்போக்கு பிடிக்கவில்லை என்று சித்தப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அன்று ராத்திரி அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஒரு ரசிகையின் விமர்சனம் மனிதரை இப்படிச் சாப்பிடாமல் ஆக்குமா என்று எனக்கு வியப்பு.

ஞாயிறு வந்தது. அப்பா, அம்மா, தெருப்பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில். வீரன் கடலுக்குள் ஒரு முதலையின் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். சித்தப்பா எழுந்து நின்றார்.

"தப்புதான்றான். சோறு நல்லாதான் இருந்திச்சாம். அத்தினி பேரு சிரிக்கணும்னு சொல்லிட்டானாம்."

"எந்தச் சோறு? அவன் கடல்லல்ல இருக்கான்?" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். முதலை என்ன சொன்னது என்று தெரியாமலே போய்விட்டதில் எனக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் சித்தி வந்துவிட்டாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து சித்தப்பாவின் மொழிபெயர்ப்பு "அடிக்கிறான், அடி வாங்குறான்" என்று வற்றிப்போனது. பின்பாதியில் தொடரின் தரம் சரிந்ததற்காக வாசகர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் வருந்தியும் இருக்கிறேன்.

உண்மை தெரிந்த கையோடு சித்திக்குப் போன் போட்டு, சித்தப்பாவுக்கு இந்தியே தெரியாதா என்று கேட்டேன்.

"பம்பாய்ல தமிழ் மெஸ்ஸுல மாவாட்டினவருக்கு இந்தி எங்கடா தெரியும்?" என்று சிரித்தாள். "பத்து வயசுல புரியல, சரி. புக்கெல்லாம் எழுதற, இன்னமும் கீழ எழுத்து ஓடுனாதான் புரியுமாடா உனுக்கு?"